வாசித்துப் பார்க்காமல் பழைய டிராம்போன், யூஃபோனியம், டியூபா வாங்குவது எப்படி?

டிரம்பெட் தேடுபவருக்கு எப்படியும் பக்கத்தில் நாலைந்து அகப்பட்டுவிடும். டியூபாவோ பாஸ் டிராம்போனோ தேடுபவருக்கு அந்த வசதி இல்லை. விற்பவர் எங்கோ இருப்பார். உங்களுக்குக் கிடைப்பது சில புகைப்படங்களும், 'நல்ல நிலையில் உள்ளது' என்ற ஒரு வரியும்தான். இதை நம்பி வாங்கலாமா? வாங்கலாம், எதைப் பார்த்து வாங்குவது என்று தெரிந்திருந்தால். பளபளப்பை மறந்துவிட்டு அசையும் பாகங்களைப் பாருங்கள். டிராம்போன் என்றால் ஸ்லைடு (முன்னும் பின்னும் இழுக்கும் குழாய்), மற்றவை என்றால் வால்வ் (விரலால் அழுத்திக் காற்றின் பாதையை மாற்றும் அடைப்பான்). அவை சரியாக இருந்தால் மிச்சக் குறைகளைச் சமாளித்துக்கொள்ளலாம். அவை தேய்ந்து போயிருந்தால் பெல் (ஓசை வெளிவரும் அகன்ற வாய்) எவ்வளவு மின்னினாலும் பயன் இல்லை.

எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

விளம்பரங்களைப் பார்க்கத் தொடங்கும் முன் மூன்று விஷயங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: கருவியின் சுருதி, குழாயின் உள்விட்டம், எந்த அளவு மவுத்பீஸ் (உதட்டை வைத்து ஊதும் முனை) அதில் உட்காரும் என்பது.

டிராம்போனின் உள்விட்டத்தை 'போர்' என்பார்கள். அங்குலத்தில் சொல்வது வழக்கம். .500, .508 எல்லாம் சிறிய போர். புதிதாகக் கற்பவர்களும் ஜாஸ் வாசிப்பவர்களும் எடுப்பது இதைத்தான். யமஹா ஒய்எஸ்எல்-354 என்ற மாடல் .500, கிங் 3பி .508. ஆர்கெஸ்ட்ராவில் காணும் பெரிய டெனர் டிராம்போன் .547; பாக் 42, கான் 88எச் இரண்டும் இந்த ரகம். பாஸ் டிராம்போன் பெரும்பாலும் .562. சிறிய போருக்குச் சிறிய ஷாங்க் (கருவிக்குள் செருகும் தண்டு) உள்ள மவுத்பீஸ், .547க்கும் பாஸுக்கும் பெரிய ஷாங்க். இடையில் இருக்கும் .525 ரகத்தைப் பற்றி ஊகிக்காமல் விற்பவரிடமே கேட்டுவிடுங்கள்.

யூஃபோனியத்தில் ஷாங்க் மூன்று விதம்: சிறியது, பெரியது, ஐரோப்பிய ஷாங்க் என்று சொல்லப்படும் இடைப்பட்டது. யமஹா ஒய்இபி-321 சிறியதை ஏற்கும், ஒய்இபி-642 பெரியதை. பழைய பெஸ்ஸன் வாங்கினால் ஐரோப்பிய ஷாங்காக இருக்க வாய்ப்பு அதிகம். கையில் இருக்கும் மவுத்பீஸ் பொருந்தும் என்று நம்பிக்கொண்டு இருக்காதீர்கள்.

இதைவிடப் பெரிய விஷயம், அது காம்பென்சேட்டிங் வகையா இல்லையா என்பது. 1874இல் டேவிட் பிளேக்லி உருவாக்கிய அமைப்பு அது. நான்காவது வால்வோடு மற்ற வால்வுகளைச் சேர்த்து அழுத்தும்போது போதாமல் போகும் குழாய் நீளத்தை அதுவே ஈடுகட்டும். கீழ் ஸ்வரங்கள் சுருதியில் நிற்கும். இரண்டு வகைக்கும் விலையில் பெரிய வித்தியாசம் உண்டு. அதனால் சில விற்பனையாளர்கள் இந்தச் சொல்லைத் தாராளமாகத் தூவிவிடுகிறார்கள். மூன்று வால்வ் மேலேயும் நான்காவது பக்கவாட்டிலும் இருந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். அப்படி அமைந்தும் காம்பென்சேட்டிங் இல்லாதவை உண்டு. வால்வுகளின் பின்பக்கப் படம் கேளுங்கள். சுருதி சேர்க்க இழுக்கும் வழக்கமான ஸ்லைடுகளைத் தவிர, குட்டையான வளைகுழாய்கள் கூடுதலாகத் தெரிய வேண்டும்.

டியூபா பி ஃபிளாட், சி, ஈ ஃபிளாட், எஃப் என்று நான்கு சுருதிகளில் வரும். நீங்கள் சேரப்போகும் குழுவில் எது வழக்கம் என்று கேட்டுவிட்டுத் தேடுங்கள். சுருதி மாறினால் விரல் போடும் முறையே மாறிவிடும்.

புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் மூன்று பொறிகள்

ஆல்டோ ஹார்ன் ஒன்று. பெல் மேல்நோக்கி நிற்கும், மூன்று வால்வ் இருக்கும், படத்தில் பார்த்தால் யூஃபோனியத்தின் தம்பி மாதிரி தெரியும். வீட்டுப் பரணில் கண்டெடுத்து விற்பவர் அதற்கு 'பாரிட்டோன்' என்றோ 'சிறிய டியூபா' என்றோ பெயர் வைத்திருப்பார், வேண்டுமென்று ஏமாற்றும் எண்ணம்கூட இருக்காது. பெல்லின் குறுக்களவைக் கேளுங்கள். யூஃபோனியம் என்றால் 11, 12 அங்குலம் வரும். 8 அங்குலத்தை ஒட்டிச் சொன்னால் விலகிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஜி சுருதியில் செய்யப்பட்ட அணிவகுப்புக் கருவிகள். அமெரிக்க டிரம் கோர் (பித்தளைக் கருவிகளும் முரசுகளும் கொண்ட அணிவகுப்புக் குழு) போட்டிகளில் 2000ஆம் ஆண்டு விதி தளரும் வரை ஜி பியூகிள்தான். அந்தக் காலத்துக் கான்ட்ராபாஸ்கள் (அவற்றில் மிகத் தாழ்வாக ஒலிப்பவை) 'தோளில் வைக்கும் டியூபா' என்று மலிவாக விற்பனைக்கு வருகின்றன. பலவற்றில் இரண்டே வால்வ். சாதாரணக் குழுவில் இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

மூன்றாவது, உயர் சுருதிக் கருவி. பிரிட்டிஷ் பிராஸ் பேண்டுகள் 1960கள் வரை ஏ ஸ்வரத்தை ஏறக்குறைய 452 ஹெர்ட்ஸில் வைத்து வாசித்தன. இன்றைய 440ஓடு ஒப்பிட்டால் அரை ஸ்வரத்தில் பாதி அளவு கூடுதல். அந்தக் காலத்துப் பழைய கருவியில் மெயின் ஸ்லைடை (கருவியின் மொத்தச் சுருதியையும் மாற்றும் குழாயை) முழுக்க வெளியே இழுத்தாலும் போதாது. ஒவ்வொரு வால்வ் ஸ்லைடையும் நீட்டியாக வேண்டும். அமெரிக்காவில் 1920களுக்கு முன் செய்யப்பட்டவற்றில் எல்பி (லோ பிட்ச்), எச்பி (ஹை பிட்ச்) என்ற முத்திரை இருந்தால் முதலாவது தாழ் சுருதி, அதைத்தான் வாங்க வேண்டும்.

மூன்றுக்கும் ஒரே சோதனை போதும். வால்வ் எதையும் அழுத்தாமல் ஏதேனும் ஒரு ஸ்வரத்தை ஊதச் சொல்லி, டியூனர் செயலியின் திரையும் சேர்ந்து தெரியும்படி ஒரு வீடியோ கேளுங்கள். மெயின் ஸ்லைடு எவ்வளவு வெளியே இழுக்கப்பட்டிருக்கிறது என்பதும் அதில் தெரிய வேண்டும்.

எந்தப் படங்களைக் கேட்பது?

விளம்பரப் படங்கள் எப்போதும் கருவியின் நல்ல பக்கத்தையே காட்டும். நீங்கள் கேட்க வேண்டியது வேறு. மவுத்பீஸ் செருகும் ரிசீவரும் அதை அடுத்த குழாயான லீட்பைப்பும் கிட்டத்தில், பெல்லைப் பக்கவாட்டில் வைத்து எடுத்த ஒன்று, கீழ் வளைவின் அடிப்பாகம், தாங்கு கம்பிகள் பற்றவைக்கப்பட்ட இடங்கள், சீரியல் எண், பிஸ்டன் வால்வ் (மேலும் கீழும் இயங்குவது) என்றால் அவற்றை வெளியே எடுத்து வரிசையாக வைத்த படம். கூடவே, அன்றைய தேதி எழுதிய தாளைக் கருவியின் மேல் வைத்து ஒரு படம். கருவி உண்மையிலேயே அவர் கையில் இருக்கிறதா என்பதை அறிய இதைவிடச் சுலபமான வழி கிடையாது. மறுத்தால் அதோடு விட்டுவிடலாம்.

படம் வந்ததும் முதலில் லீட்பைப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். பித்தளையில் உள்ள துத்தநாகம் ஈரத்தாலும் எச்சிலாலும் அரித்துப் போய், செம்பு மட்டும் சல்லடையாக மிஞ்சும் நோய் ஒன்று உண்டு. 'ரெட் ராட்' என்பார்கள். இளஞ்சிவப்பு வட்டமும் நடுவில் கருத்த புள்ளியுமாக, தோலில் அம்மை போட்டதுபோல் இருக்கும். அது உள்ளிருந்து வெளியே வருவது. வெளியே புள்ளி தெரிகிறது என்றால் உள்ளே ஏற்கெனவே நிறையப் போய்விட்டது. தேய்த்தால் போகாது, அந்தக் குழாயையே மாற்ற வேண்டும். லீட்பைப்பில் மட்டும் என்றால் மாற்றும் செலவைக் கணக்கில் வைத்து வாங்கலாம். மெயின் ஸ்லைடு, வளைவுகள் என்று பரவியிருந்தால் வேண்டாம். (கோல்டு பிராஸ், ரோஸ் பிராஸில் செய்த பெல்கள் இயல்பாகவே சிவந்திருக்கும், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நோய் என்றால் புள்ளி புள்ளியாக இருக்கும்.)

லேக்கர் (மேலே அடிக்கும் வார்னிஷ் போன்ற பூச்சு) உரிந்திருப்பது ஒரு குறையே இல்லை. வெள்ளி முலாம் கறுத்திருப்பதும், பித்தளை களிம்பேறி இருப்பதும் அப்படியே. எனக்கு உண்மையில் சந்தேகம் வருவது மிகப் பழைய கருவி புதிது மாதிரி மின்னும்போதுதான். மறுபடி லேக்கர் அடிக்கும் முன் மெருகு போடுவார்கள். அதில் உலோகம் மெலியும், பழைய ஒட்டுகளும் மறைந்துவிடும். பெல்லில் உள்ள பொறிப்பு எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மழுங்கியிருந்தால் மெருகு போட்டிருக்கிறார்கள்.

ஒடுக்குகளில் எல்லாமே ஒன்றல்ல. டியூபாவின் கீழ் வளைவில் ஒடுக்கு இல்லாத பழைய கருவியைப் பார்ப்பதே அரிது. அகன்ற குழாயில் இருக்கும் அந்த ஒடுக்கு ஓசையை அவ்வளவாகப் பாதிக்காது. குழாய் எங்கே குறுகலோ அங்கே விழுந்த ஒடுக்குதான் கெடுதல் செய்யும். லீட்பைப்பிலும் வால்வுக்குப் பக்கத்துக் குழாய்களிலும் கவனமாகப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக்கிடக்கும் உள் வளைவுகளில் ஒடுக்கு இருந்தால், பற்றைப் பிரித்துக் கழற்றித்தான் பல நேரம் எடுக்க முடியும், கூலி ஏறிவிடும். பெல் மடங்கியிருந்தால் நிமிர்த்திவிடலாம், மடிப்புக் கோடு மட்டும் லேசாகத் தெரியும். வால்வ் உறையில் ஒடுக்கு என்றால் அது வேறு கதை. பிஸ்டன் உள்ளே சிக்கும்; அப்படிப்பட்டதைப் புதியவர்கள் தொடவே வேண்டாம்.

டிராம்போன் ஸ்லைடு

ஸ்லைடு என்பது இரண்டு உள் குழாய்களும் இரண்டு வெளிக் குழாய்களும் ஒன்றையொன்று உரசாமல் ஓடும் ஏற்பாடு. இடைவெளி மிக மிகக் குறைவு. வெளிக் குழாயில் நகத்தளவு ஒடுக்கு விழுந்தாலும் அந்த இடம் வரும்போதெல்லாம் கை தட்டுப்படும். அதே ஒடுக்கு முனையில் இருக்கும் வளைவில் விழுந்திருந்தால் ஓட்டத்துக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் உள் குழாய் அங்கே வருவதே இல்லை. ஆகவே 'ஸ்லைடில் ஒரு சின்ன டென்ட்' என்று விளம்பரம் சொன்னால் எந்த இடம் என்று கேளுங்கள். பதிலைப் பொறுத்து முடிவு முழுவதுமே மாறும்.

வெளி ஸ்லைடைக் கழற்றி, உள் குழாய்களின் கீழ் முனையைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். அந்த முனையில் சற்றுத் தடித்த பகுதி ஒன்று இருக்கும். ஸ்டாக்கிங் என்று பெயர். வெளிக் குழாயைத் தொட்டு ஓடும் இடம் அதுதான். அதன்மேல் முலாம் வெள்ளையாக, சீராக இருக்க வேண்டும். மஞ்சளாகப் பித்தளை தெரிந்தாலோ முலாம் பொரிந்திருந்தாலோ ஸ்லைடு அதிகம் உழைத்துவிட்டது என்று பொருள்.

அடுத்து வீடியோ. ஸ்லைடைப் பெல் பகுதியிலிருந்து கழற்றி, செங்குத்தாகப் பிடித்து, பூட்டைத் திறந்து, வெளி ஸ்லைடைத் தன் எடையிலேயே கீழே இறங்க விட வேண்டும். கீழே இன்னொரு கை தாங்கலாக இருக்கட்டும், தரையில் விழுந்தால் இருக்கிற ஸ்லைடும் போய்விடும். வழியில் நிற்காமல் இறங்கினால் நல்லது. பிறகு மேலே உள்ள இரண்டு வாய்களையும் விரல்களால் அடைத்துக்கொண்டு அதையே செய்யச் சொல்லுங்கள். இப்போது இறங்க மறுக்க வேண்டும், அல்லது மெல்ல ஊர வேண்டும். அடைத்த பின்னும் அதே வேகத்தில் விழுந்தால் காற்று எங்கோ கசிகிறது.

ஸ்லைடு தடுமாறினாலே கைவிட வேண்டியதில்லை. விற்பவருக்குப் பொறுமை இருந்தால், உள் குழாயில் ஒன்றை மட்டும் அதற்குரிய வெளிக் குழாயில் விட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் மற்றதை. தனித்தனியாக இரண்டும் நன்றாக ஓடி, சேர்த்துப் போட்டால்தான் இழுக்கிறது என்றால், இணையாக நிற்கவில்லை, அவ்வளவுதான். நல்ல ரிப்பேர்காரர் நேராக்கிவிடுவார். ஒற்றைக் குழாயே இழுத்தால் அது வளைந்தோ நசுங்கியோ இருக்கிறது.

எஃப் டிரிகர் (கூடுதல் குழாயைத் திறக்க, கட்டைவிரலால் இயக்கும் வால்வ்) இருந்தால் அதை நாலைந்து முறை அழுத்திக் காட்டச் சொல்லி, சத்தத்தைக் கேளுங்கள். இணைப்புகள் தேய்ந்து சலசலப்பது சிறிய வேலை. வால்வே உறைக்குள் ஆடினால் சிறிய வேலை இல்லை.

வால்வ்

யூஃபோனியம், டியூபா, சூசாஃபோன் (உடலைச் சுற்றி மாட்டிக்கொள்ளும் டியூபா) எதுவானாலும் கசிவைச் சோதிக்க விற்பவருக்கு வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. முதல் வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை வெளியே இழுக்கட்டும். மூன்று நான்கு விநாடி கழித்து வால்வை அழுத்தட்டும். 'டப்' என்று சத்தம் வந்தால் வால்வ் காற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. சத்தமே இல்லை என்றால் கசிவு. மற்ற வால்வுகளுக்கும் இதேதான். இரண்டு எச்சரிக்கைகள்: சில கருவிகளில் ஸ்லைடிலேயே காற்றுத் துளை போட்டிருப்பார்கள், அங்கே சத்தம் வராது. சோதனைக்குச் சற்று முன்பு கெட்டியான எண்ணெயைத் தாராளமாக விட்டிருந்தால் தேய்ந்த வால்வும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும்.

பிஸ்டன்களின் படத்தில் முலாம் உரிந்திருக்கிறதா, நீளவாக்கில் ஆழமான கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். பிஸ்டன்களில் 1, 2, 3 என்று எண் பொறித்திருக்கும். மாற்றிப் போட்டுவிட்டு 'ஊதினால் காற்றே போகவில்லை, பழுதடைந்தது' என்று விற்பவர்களும் உண்டு. கொஞ்சம் விசாரித்தால் மலிவாகக் கிடைக்கும் கருவி அது. ரோட்டரி வால்வ் (சுழன்று இயங்குவது) என்றால் பெரும்பாலான சத்தம் நெம்புகோல் இணைப்புகளில் இருந்து வருவது. அது எளிதில் சரியாகும்.

தேய்ந்த பிஸ்டன்களுக்கு மறுபடி முலாம் ஏற்றி உறைக்குப் பொருத்துவது மிகச் செலவான வேலைகளில் ஒன்று. மாணவர் தரக் கருவியின் விலையையே அது தாண்டிவிடும். தொழில்முறைக் கருவிக்குத்தான் அந்தச் செலவு கட்டுபடியாகும்.

சூசாஃபோன் வாங்குபவர்களுக்குத் தனியாக ஒரு வரி: கழுத்துக்குழாயும், மவுத்பீஸுக்கு முன் செருகும் இரண்டு சிறிய வளைந்த 'பிட்'களும் சேர்ந்து வருகின்றனவா என்று கேளுங்கள். தொலைந்து போவதில் முதலிடம் அவற்றுக்குத்தான். அவை இல்லாவிட்டால் வாய் எட்டும் இடத்துக்கு மவுத்பீஸ் வராது, சுருதியும் ஏறிவிடும்.

சிக்கிய ஸ்லைடு, சிக்கிய மவுத்பீஸ்

இரண்டுமே பேரம் பேச நல்ல காரணங்கள். சிக்கிய மவுத்பீஸை எடுக்க அதற்கென்றே ஒரு கருவி உண்டு, நிமிடத்தில் வெளியே வந்துவிடும். சிக்கிய ஸ்லைடுகளையும் ரிப்பேர்காரர் பெரும்பாலும் எடுத்துவிடுவார். ஆனால் விற்பவரிடம் 'நீங்களே முயன்று பாருங்கள்' என்று சொல்லிவிடாதீர்கள். குறடு போட்டுத் திருகி லீட்பைப்பை முறுக்கிவிடுவார்கள்.

விலையைக் கணக்கிடுவது

விளம்பர விலையோடு அனுப்பும் செலவையும் ரிப்பேர் செலவையும் கூட்டுங்கள். பிறகு, நல்ல நிலையில் இருக்கும் அதே மாடல் என்ன விலைக்குக் கைமாறியது என்று பாருங்கள். கேட்கும் விலை அல்ல, விற்று முடிந்த விலை. படங்களையும் வீடியோக்களையும் முன்கூட்டியே ஒரு ரிப்பேர்காரரிடம் காட்டி உத்தேசமாக எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிடுவது நல்லது. பெயர் தெரியாத தயாரிப்பு என்றால் உதிரி பாகம் கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். சுவரில் மாட்டுவதற்காகவே செய்த பித்தளைக் கருவிகளும் சந்தையில் இருக்கின்றன. அவற்றை எந்த ரிப்பேராலும் காப்பாற்ற முடியாது.

பெல்லிலோ பெட்டியிலோ பள்ளியின் பெயரோ இருப்பு எண்ணோ இருந்தால், அது எப்படி இவர் கைக்கு வந்தது என்று கேளுங்கள். முறையாக ஏலத்தில் விட்டவை நிறைய உண்டு, திருடு போனவையும் உண்டு. பணம் செலுத்தும்போது, பொருள் வராவிட்டால் திருப்பிக் கேட்க வழியுள்ள முறையை மட்டும் பயன்படுத்துங்கள். 'நண்பருக்கு அனுப்புவதுபோல் அனுப்புங்கள், கமிஷன் மிச்சம்' என்றால் மிச்சம் அவருக்கு, ஆபத்து உங்களுக்கு.

அனுப்பும் விதம்

வால்வும் ஸ்லைடும் பார்த்துப் பார்த்து வாங்கிய கருவி வழியில் நசுங்கிப் போவதுதான் அதிகம் கேள்விப்படும் கதை. கருவியின் பெட்டியைக் கூரியர் பெட்டியாக நினைக்கக் கூடாது. அதற்கு வெளியே தடித்த அட்டைப் பெட்டி, இரண்டுக்கும் நடுவே நாலாபுறமும் திணிப்பு வேண்டும். மவுத்பீஸைத் தனியே சுற்றி வெளிப்பெட்டியில் வைக்கட்டும். பெட்டிக்குள் அது தளர்வாகக் கிடந்தால் வழியெல்லாம் ஸ்லைடை இடித்துக்கொண்டே வரும். டிராம்போன் ஸ்லைடைப் பூட்ட வேண்டும். பெல்லுக்குள்ளும் அதைச் சுற்றியும் மெத்தென்ற எதையாவது அடைத்து, கருவி பெட்டிக்குள் அசையவே முடியாதபடி செய்ய வேண்டும். குலுக்கினால் சத்தம் வரக்கூடாது. இதையெல்லாம் விற்பவருக்கு எழுத்தில் அனுப்பி, மூடுவதற்கு முன் ஒரு படம் கேளுங்கள்.

டியூபாவுக்கு வாடகை அதிர்ச்சி தரும். பல கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து வருவதை எடையாகக் கணக்கிடுகின்றன. 110, 65, 55 சென்டிமீட்டர் பெட்டி என்றால் 78 கிலோவுக்கு மேல் வரும், உள்ளே இருக்கும் டியூபா பத்துக் கிலோவாக இருந்தாலும் சரி. விலை பேசி முடிக்கும் முன் பெட்டியின் அளவைக் கேளுங்கள். வழியில் யாராவது வண்டியில் எடுத்து வர முடிந்தால் அதுவே மேல்.

வந்து சேர்ந்ததும்

பெட்டியைப் பிரிப்பதை முதலிலிருந்து வீடியோ எடுங்கள். வெளிப்பெட்டி நசுங்கியிருந்தால் பிரிக்கும் முன் அதையும் எடுங்கள். அட்டையையும் திணிப்பையும் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். திருப்பி அனுப்ப நேர்ந்தால் தேவைப்படும்.

மேலே சொன்ன வால்வ், ஸ்லைடு சோதனைகளை நீங்களே ஒருமுறை செய்யுங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான சோப்புக் கரைத்துக் கழுவி, எண்ணெய் விட்டு, டியூனரை வைத்துக்கொண்டு வாசியுங்கள். கொதிநீர் கூடாது, லேக்கர் உரியும். பி ஃபிளாட் யூஃபோனியத்தில் வால்வ் அழுத்தாமல் பி ஃபிளாட், எஃப், மேல் பி ஃபிளாட், டி, மேல் எஃப் என்று ஏறிப் போங்கள். டி கொஞ்சம் இறங்கியும் மேல் எஃப் கொஞ்சம் ஏறியும் இருந்தால் குறை என்று எழுதி அனுப்பிவிடாதீர்கள், அது இந்தக் கருவிகளின் இயல்பு. எல்லா ஸ்வரமும் மூச்சு வாங்கி மங்கலாக ஒலித்தால்தான் கசிவைத் தேட வேண்டும். முதலில் வாட்டர் கீயின் (உள்ளே சேரும் நீரை வடிக்கும் திறப்பின்) தக்கையைப் பாருங்கள். ஒரு துண்டு தக்கை காய்ந்து சுருங்கியதற்காகக் கருவியையே பழி சொல்லும் நிலை அடிக்கடி வரும். அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஊதினால் உடனே தெரிந்துவிடும். தக்கையில் குறை இல்லை என்றால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் ரிப்பேர்காரரிடம் கொண்டுபோய் என்ன கோளாறு என்று எழுதி வாங்குங்கள்.